பள்ளிக்கூடத்துத் தீ அலாரம்: பழையதையே சரிசெய்வதா, புதியது மாட்டுவதா?

தனியார் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தால் நான்கு சான்றுகளுக்காக அலைய வேண்டியிருக்கும்: கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு. நான்காவதற்கு வரும்போதுதான் பல தாளாளர்கள் தங்கள் பள்ளிச் சுவரில் இருக்கும் தீ அலாரப் பேனலை, மணிகளை இயக்கும் அந்தச் சிவப்புப் பெட்டியை, முதன்முறையாக நின்று கவனிக்கிறார்கள். கும்பகோணம் விபத்தை ஒட்டிய ஆண்டுகளில் மாட்டியது என்றால் அதற்கு இப்போது ஏறக்குறைய இருபது வயது. ஒரு கம்பெனிக்காரர் வந்து, "சார், இதெல்லாம் பழைய மாடல், மொத்தமா அட்ரசபிள் சிஸ்டத்துக்கு மாறிடுங்க" என்று கொட்டேஷன் கொடுப்பார் (அட்ரசபிள் என்றால் எந்தக் கருவி தட்டியது என்று பெயரோடு சொல்லும் வகை). பள்ளி எலக்ட்ரீஷியனோ, "பேனல் நல்லாத்தான் இருக்குங்க, பேட்டரி மட்டும் மாத்தினா போதும்" என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. உங்கள் கட்டடத்துக்கு எந்தப் பாதி பொருந்தும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கருவியின் வயதையோ விலையையோ வைத்து இதை முடிவு செய்ய முடியாது. தீ பிடித்த நொடியிலிருந்து, கடைசி வகுப்பறையின் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கும் நொடி வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே கணக்கு. தீயைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் போகும். செய்தி எல்லாக் காதுக்கும் போய்ச் சேரக் கொஞ்ச நேரம். கேட்டவர்கள் "இது தீ மணிதான்" என்று புரிந்துகொண்டு கிளம்பக் கொஞ்ச நேரம். ஒரு கருவியை வாங்கும்போது, இந்த மூன்றில் எதை இது குறைக்கப் போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சிகாகோவில் 1958 டிசம்பர் 1 அன்று இந்த மூன்றுமே கைவிட்டன. 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' (Our Lady of the Angels) என்ற கத்தோலிக்கப் பள்ளியில், மாடிப்படியின் அடியில் இருந்த அட்டைக் குப்பைத் தொட்டியில் தீ பிடித்தது. அங்கே புகையைக் கண்டுபிடிக்கும் கருவி எதுவும் இல்லை. யாரும் பார்க்காமலேயே தீ நெடுநேரம் புகைந்து, மரப் படிக்கட்டு வழியே மேலேறியது. அலாரம் சுவிட்ச் சுவரில் கிட்டத்தட்ட ஆறடி உயரத்தில் இருந்தது. புகையைக் கவனித்த ஆசிரியை, அலாரம் அடிக்கும் உரிமை தலைமைக் கன்னியாஸ்திரீக்குத்தான் என்ற வழக்கப்படி முதலில் அவரைத் தேடிப் போனார். அவர் வேறொரு வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு சுவிட்சைத் தட்டியபோது முதல் முறை மணி அடிக்கவில்லை. அடித்தபோதும் அது கட்டடத்துக்குள் மட்டுமே கேட்டது. தீயணைப்பு நிலையத்துக்கு இணைப்பு கிடையாது. பக்கத்துப் பாதிரியார் இல்லத்திலிருந்து தொலைபேசியில் சொன்னவர் அந்த இல்லத்தின் முகவரியைக் கொடுத்ததால் வண்டிகள் முதலில் தவறான பக்கத்துக்குப் போயின. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள். இந்த வரிசையில் ஒவ்வொரு கண்ணியும் ஏதோ ஒரு கருவியோடு அல்லது பழக்கத்தோடு சம்பந்தப்பட்டது. அதனால்தான் பள்ளித் தீ அலாரம் பற்றிப் பேசும் யாரும் அந்த நாளைத் தாண்டிப் போக முடிவதில்லை.

நம்முடைய நாள் 2004 ஜூலை 16. கும்பகோணம் காசிராமன் தெருவில் 94 குழந்தைகள். சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது, கூரை கீற்று, இறங்குவதற்குக் குறுகலான மாடிப்படி. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கீற்றுக்கொட்டகையும் ஒற்றைப் படிக்கட்டும் இருக்கும் இடத்தில் உலகத்திலேயே விலை உயர்ந்த பேனலை மாட்டினாலும் போதாது. அந்த விபத்துக்குப் பின் தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், தீ பாதுகாப்பில்லாத கட்டடத்தில் பள்ளி நடத்தக் கூடாது, தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி ஏற்பாடுகள் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உத்தரவிட்டது. எனவே முதலில் வழிகள். இரண்டாவது படிக்கட்டு பூட்டிக் கிடந்தால் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வந்து மேற்கொண்டு படியுங்கள்.

மணியா, ஹூட்டரா, குரலா

தமிழ்நாட்டில் இன்றும் பல பள்ளிகளில் வேப்பமரக் கிளையிலோ வராண்டா உத்தரத்திலோ ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதைத் தட்ட ஓர் இரும்புக் கம்பி. இதைப் பழசு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், கெட்டுப்போகாது, தெருமுனை வரை கேட்கும். அதன் ஒரே குறை, முதல் பீரியட் முடிந்தாலும் அதே சத்தம், மதிய உணவுக்கும் அதே சத்தம். தீக்கும் அதையே அடித்தால் "என்ன, அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க?" என்று ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அங்கே போவதுதான் மூன்றாவது நேரம், புரிந்துகொள்ளும் நேரம்.

மின்சார மணிக்கும் இதே சங்கடம்தான். ஆறு அங்குலச் சிவப்பு மணி சத்தமாகவே அடிக்கும். ஆனால் வகுப்பு மணியும் அதே ரகமாக இருந்தால் பிள்ளைகளால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. எலக்ட்ரானிக் ஹூட்டர் இதில் ஒரு படி மேல். வேறு எதிலும் கேட்காத சத்தத்தை அதில் அமைத்துக்கொள்ளலாம். இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 8201 என்ற சர்வதேசத் தரம் ஒரு தாளத்தை வரையறுத்திருக்கிறது: அரை நொடி சத்தம், அரை நொடி இடைவெளி என்று மூன்று முறை, பிறகு ஒன்றரை நொடி மௌனம், மறுபடி மூன்று. அமெரிக்காவில் 1990களின் நடுவிலிருந்து புதிய அலாரங்கள் இந்தத் தாளத்தில்தான் ஒலிக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் பல ஹூட்டர்களிலும் பின்பக்கச் சின்ன சுவிட்சைத் தள்ளி ஒலியின் வகையை மாற்ற முடியும். மாட்டுபவரிடம் கேட்டால் செய்து தருவார். தண்டவாளத்திலும் இதைச் செய்யலாம்: மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி, நிறுத்தம். கரண்டும் போய், பேட்டரியும் கைவிட்ட நாளுக்கு அது உதவும். எனவே புதியது வந்தாலும் தண்டவாளத்தைக் கழற்ற வேண்டாம்.

சத்தம் எவ்வளவு வேண்டும்? ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தரம் சொல்வது, ஆட்கள் இருக்கும் எல்லா இடத்திலும் குறைந்தது 65 டெசிபல், அல்லது அங்கே வழக்கமாக இருக்கும் இரைச்சலைவிட 5 டெசிபல் அதிகம். ஐம்பது பிள்ளைகள் ஒப்புவிக்கும் வகுப்பில், மின்விசிறி ஓட, கதவு சாத்தியிருக்கும்போது இந்த அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராண்டாவில் நின்று, "சத்தம் காதைப் பிளக்குது, போதும்" என்று சொல்லிவிடுவது சோதனை ஆகாது. கழிப்பறைக்கும் மொட்டை மாடிக்கும் மைதானத்துக்கும் போய்க் கேளுங்கள். பல பள்ளிகளில் ஒரு தளத்துக்கு ஒரு பெரிய ஹூட்டர் என்று நடுவில் மாட்டியிருப்பார்கள். அதன் அடியில் நிற்க முடியாது, கடைக்கோடி அறையில் கேட்காது. ஒன்றுக்குப் பதில் மூன்று சிறியவை வைப்பது எப்போதும் நல்லது.

குரல் அறிவிப்பு இன்னும் புதியது. "மாணவர்கள் வரிசையாக மைதானத்துக்குச் செல்லவும்" என்று பேனலே பேசும். வெறும் சத்தத்தைவிடச் சொல்லைக் கேட்டு ஆட்கள் சீக்கிரம் அசைவார்கள் என்பது உண்மை. பெரிய வளாகத்துக்கு இது தகும். சிறிய பள்ளியில் இருக்கிற மைக் செட்டையே இதற்குப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். கூடுதல் உதவியாக இருக்கட்டும், அதை மட்டுமே நம்ப வேண்டாம். கரண்ட் போனால் ஆம்ப்ளிஃபயரும் போய்விடும். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் மின்னும் விளக்குள்ள ஹூட்டரை வகுப்பறையிலும் கழிப்பறையிலும் கண்டிப்பாக வைத்தாக வேண்டும். பழைய மணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது இல்லாததற்குச் சமம்.

கண்ணாடி உடைக்கும் பெட்டி

படிக்கட்டுப் பக்கத்தில் இருக்கும் சிறிய சிவப்புப் பெட்டியைத் தொழிலில் எம்.சி.பி. (மேனுவல் கால் பாயின்ட், கையால் அலாரம் அடிக்கும் பெட்டி) என்பார்கள்; மின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. வேறு. பழையதில் ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கும். அது உள்ளே ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். கண்ணாடி உடைந்தால் சுவிட்ச் விடுபட்டு மணி அடிக்கும். பக்கத்தில் சங்கிலியில் ஒரு சுத்தி. நேரில் போய்ப் பார்த்தால் சங்கிலி இருக்கும், சுத்தி இருக்காது.

புதியதில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு. கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே மடங்கும். சாவி போட்டுத் திருப்பினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் மொத்த ஒப்பீட்டிலும் நான் அதிகம் மதிக்கும் முன்னேற்றம் இதுதான். கண்ணாடி வகையை உடைத்துப் பார்க்கத் தயங்கி யாரும் சோதிப்பதே இல்லை. மாற்றுக் கண்ணாடி கையில் இருக்காது. சாவி வகையை மாதம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறொரு பெட்டியை அழுத்திப் பார்க்கலாம். சோதித்துப் பார்க்கும் கருவிதான் தேவைப்படும் நாளில் வேலை செய்யும். விலையும் பெரிதில்லை. பழைய பேனலை வைத்துக்கொள்ள முடிவு செய்தாலும் இதை மட்டும் உடனே மாற்றுங்கள். பெரும்பாலும் அதே இரண்டு ஒயரில் உட்கார்ந்துவிடும்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் தரையிலிருந்து 1.4 மீட்டர் என்பது வழக்கம். அமெரிக்காவில் 42 முதல் 48 அங்குலம், அதாவது 1.2 மீட்டருக்குள். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஆயாம்மாவும் தயங்காமல் அழுத்தும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "குறும்புக்கு அழுத்திவிடுவார்களே" என்று பயந்து பெட்டியைத் தலைமை ஆசிரியர் அறைக்குள் வைக்கும் பள்ளிகள் உண்டு. அது சிகாகோவில் நடந்ததையே மறுபடி செய்வது. குறும்புக்கு வேறு மருந்து இருக்கிறது: பெட்டியின் மேல் மாட்டும் ஒளிபுகும் மூடி ஒன்று கிடைக்கிறது, அதைத் தூக்கினாலே அந்த இடத்தில் மட்டும் கீச்சென்று கத்தும். கை வைத்தவன் ஓடிவிடுவான். பள்ளி முழுக்க மணி அடிக்காது.

கூரையில் இருக்கும் வட்டங்கள்

புகையையோ சூட்டையோ கண்டுபிடிக்கும் டிடெக்டர் விஷயத்தில்தான் பள்ளிகள் பணத்தை அதிகம் வீணாக்குகின்றன. நம் ஊர்ப் பள்ளிக் கட்டடங்களில் வகுப்பறைக்கு இருபுறமும் ஜன்னல், முன்னால் திறந்த வராண்டா, மேலே சுற்றும் மின்விசிறி. புகை டிடெக்டருக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் கூரையடியில் தேங்க வேண்டும். திறந்த வராண்டாவில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஏ.சி. அலுவலகத்துக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து, வராண்டா நெடுக ஸ்மோக் டிடெக்டர் வைக்கும் கொட்டேஷன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாக்பீஸ் தூசி, சிலந்தி, எறும்பு, பல்லி என்று எல்லாம் அதற்குள் போகும். வாரம் இருமுறை பொய் மணி அடிக்கும். ஒரு மாதத்தில் வாட்ச்மேன் சைலன்ஸ் பட்டனை எங்கே அழுத்துவது என்று கற்றுக்கொள்வார். அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் அலாரம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டிடெக்டர் தேவைப்படுவது ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் அறைகளில். மெயின் போர்டும் யு.பி.எஸ்.ஸும் இருக்கும் அறை, பழைய விடைத்தாள்களும் உடைந்த பெஞ்சுகளும் அடைந்து கிடக்கும் ஸ்டோர், கம்ப்யூட்டர் லேப், நூலகம், வேதியியல் ஆய்வகத்தின் ரசாயன அறை, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மூலை. ஆள் இருக்கும் வகுப்பறையில் தீ பிடித்தால் நாற்பது மூக்குகள் இருக்கின்றன, அங்கே எம்.சி.பி. பக்கத்தில் இருந்தால் போதும். சமையலறையில் ஸ்மோக் டிடெக்டர் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் அடிக்கும். அங்கே ஹீட் டிடெக்டர்தான். எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தரையை ஒட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது.

பழைய ஸ்மோக் டிடெக்டர்களில் அயனி வகை என்று ஒன்று உண்டு. உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும். அது காற்றை அயனியாக்கி ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும், புகைத் துகள் புகுந்தால் மின்னோட்டம் குறையும், அலாரம் அடிக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயை இது சீக்கிரம் பிடிக்கும். புதிய ஒளி வகையில் ஒரு சிறிய விளக்கு, அதற்கு நேராக இல்லாமல் ஒதுங்கி ஓர் ஒளி உணரி. புகை வந்தால் ஒளி சிதறி உணரியில் படும். புகைந்துகொண்டே இருக்கும் தீயை, அதாவது மின்கம்பி கருகுவது, காகிதக் கட்டு கனல்வது போன்றவற்றை இது முந்திப் பிடிக்கும். பூட்டிய அறைகளில் நாம் முக்கியமாகப் பயப்படுவது இந்த ரகத் தீக்குத்தான் என்பதால் ஒளி வகையே போதும்.

உங்கள் கூரையில் அயனி வகை இருந்தால் அதன் அடிப்பக்கத்தில் கதிரியக்கச் சின்னம் ஒட்டியிருக்கும். அப்படியே கூரையில் இருக்கும்போது ஆபத்தில்லை. கழற்றும்போது பிரிக்கவோ, உடைக்கவோ, காயலான் கடைக்குப் போடவோ கூடாது. அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 ஆண்டுகள். இவற்றை இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கட்டுப்படுத்துகிறது. விற்றவரிடம் அல்லது தயாரிப்பாளரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. புதியது மாட்ட வருபவர் பழையதை எங்கே கொண்டுபோகிறார் என்று எழுதி வாங்குங்கள். அறிவியல் ஆசிரியர் "பிள்ளைகளுக்குக் காட்டலாம்" என்று ஒன்றைத் திறக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்வென்ஷனலா, அட்ரசபிளா

பெரிய பணம் போகும் கேள்வி இதுதான். கன்வென்ஷனல் என்ற பழைய வகைப் பேனல் கட்டடத்தைச் சோன்களாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கும். ஒரு தளம் ஒரு சோன் என்றால், அந்தத் தளத்தில் எது தட்டினாலும் பேனலில் அதே ஒரு விளக்குதான் எரியும். அட்ரசபிள் பேனலில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஓர் எண், ஒரு பெயர். "இரண்டாம் தளம், வேதியியல் ஸ்டோர்" என்று திரையில் எழுத்தாகவே வரும்.

இடத்தைச் சொல்லும் இந்த வசதி முழுக்கப் புதியதும் அல்ல. பாஸ்டன் நகரில் 1852ல் தந்திக் கம்பி வழியே இயங்கிய தெரு அலாரப் பெட்டிகள், உள்ளே இருந்த பல் சக்கரம் சுழலச் சுழல, தங்கள் எண்ணையே தந்தி அடித்தன. அந்த முறை பிறகு அமெரிக்கக் கட்டடங்களுக்குள்ளும் வந்தது: இரண்டு அடி, ஓர் அடி, மூன்று அடி என்று மணி அடித்தால் 213ஆம் பெட்டி என்று எண்ணித் தெரிந்துகொள்வார்கள். சோன் பேனல்கள் மலிவாக வந்தபோது அந்த நுணுக்கம் போய்விட்டது. அட்ரசபிள் அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது, எண்ணிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல்.

இந்த வசதி உங்களுக்கு எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும்? தளத்துக்கு ஆறு அறை, திறந்த வராண்டா, ஒரே கட்டடம் என்றால் "இரண்டாம் தளம்" என்று தெரிந்ததும் ஒருவர் போய்ப் பார்த்துவிட முடியும். நான்கு பிளாக், ஆடிட்டோரியம், விடுதி, பூட்டிய ஆய்வகங்கள் என்று விரிந்த வளாகத்தில் தேடுவதற்கே ஐந்து நிமிடம் ஆகும். அங்கே அட்ரசபிள் தன் விலைக்கு நியாயம் செய்யும். இன்னொன்று, பிள்ளைகளை வெளியேற்ற இடம் தெரிய வேண்டியதில்லை. மணி அடித்தால் எல்லோரும் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். இடம் தெரிவது தீயணைக்கப் போகிறவர்களுக்குத்தான் உதவும்.

அட்ரசபிளின் உண்மையான பலம் எனக்குத் தெரிந்தவரை வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பழைய பேனலின் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். கன்வென்ஷனல் சோனில் இரண்டு ஒயர் ஒவ்வொரு டிடெக்டராகப் போய், கடைசி டிடெக்டரின் அடியில் ஒரு சிறு ரெசிஸ்டரில் (மின்தடையில்) முடியும். அந்த ரெசிஸ்டர் வழியே ஒரு சொற்ப மின்னோட்டம் ஓடிக்கொண்டிருப்பதை வைத்துத்தான் ஒயர் அறுபடவில்லை என்று பேனல் தெரிந்துகொள்கிறது. எங்கோ ஒயர் அறுந்தால் மஞ்சள் ஃபால்ட் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். அறுந்த இடத்தைத் தேடச் சோம்பல்பட்டவர் என்ன செய்வார் தெரியுமா? சோனின் ஒயரைப் பேனலிலிருந்து கழற்றிவிட்டு, அந்த ரெசிஸ்டரை நேரே பேனலின் முனையிலேயே முறுக்கிவிடுவார். ஃபால்ட் விளக்கு அணையும். பச்சை விளக்கு எரியும். மேலே ஒரு தளம் முழுக்க எந்த டிடெக்டரும், எந்தப் பெட்டியும் எதனோடும் இணைந்திருக்காது. பார்க்கிற எவருக்கும் "சிஸ்டம் ஹெல்தி".

இன்றைக்கே உங்கள் பேனலைத் திறக்கச் சொல்லுங்கள். சோன் 1, சோன் 2 என்று எழுதிய முனைகளில் ஒயர் வருகிறதா, அல்லது வண்ணக் கோடு போட்ட சின்ன ரெசிஸ்டர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 4.7 கிலோ ஓம் வகை என்றால் மஞ்சள், ஊதா, சிவப்புக் கோடுகள் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மதிப்பு மாறும். பயன்பாட்டில் இல்லாத சோனில் இப்படி இருப்பது முறைதான். ஒரு தளத்தின் பெயர் எழுதிய சோனில் இருந்தால் அந்தத் தளத்துக்குப் பாதுகாப்பே இல்லை.

அட்ரசபிள் பேனலில் இந்த ஏமாற்று எளிதில் நடக்காது. அது ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் எது காணவில்லை என்று சொல்லும். ஒயரும் வளையமாகப் போய்ப் பேனலுக்கே திரும்புவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் இரு பக்கமிருந்தும் பேச முடியும். தூசி சேரச் சேரத் தன்னைச் சரிசெய்துகொண்டு, "என்னைச் சுத்தம் செய்" என்று முன்கூட்டியே சொல்லும் டிடெக்டர்களும் உண்டு. பொய் மணி குறைவதற்கு இது பெரிய காரணம். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: தொல்லை கொடுக்கும் டிடெக்டரை மெனுவில் போய் முடக்கிவைக்கலாம். சர்வீஸ் ஆள் முடக்கிவிட்டுப் போனது மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். முடக்கிய கருவிகளின் பட்டியலை ஒவ்வொரு சர்வீஸின்போதும் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

அட்ரசபிளுக்கு எதிரான வாதங்களும் லேசானவை அல்ல. ஒரு கம்பெனியின் பேனலில் இன்னொரு கம்பெனியின் டிடெக்டர் பெரும்பாலும் வேலை செய்யாது. கோடை இடியில் ஒயர் வளையத்தை இயக்கும் லூப் கார்டு போனால் உள்ளூர் எலக்ட்ரீஷியனால் ஒன்றும் செய்ய முடியாது; சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஆள் வர வேண்டும், கார்டு வர வேண்டும். ஒரே லூப் உள்ள பேனல் என்றால் அதுவரை பள்ளி முழுக்கவும் அலாரம் இல்லை. கன்வென்ஷனலில் ஒரு சோன் போனால் மற்ற சோன்கள் ஓடும்; உதிரிகள் மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கும். விலையும் டிடெக்டருக்கு டிடெக்டர் பல மடங்கு வித்தியாசப்படும். உங்கள் ஊருக்கு இரண்டு நாளில் வரக்கூடிய சர்வீஸ் ஆள் இல்லையென்றால், வாங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

ஒயர்லெஸ் என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவரும் தேக்கு உத்தரமும் மெட்ராஸ் டெரஸ் கூரையுமாக நிற்கும் பழைய மிஷன் பள்ளிக் கட்டடங்களில் சுவரை வெட்டி ஒயர் இழுக்க முடியாத நிலையில் மட்டும் இதைப் பாருங்கள். ஒவ்வொரு டிடெக்டரிலும் பேட்டரி மாற்ற வேண்டும்; இரண்டடிச் சுவரைத் தாண்டி சிக்னல் போகிறதா என்று மாட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும்.

பேட்டரி

பழையதோ புதியதோ, பேனலின் அடியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். பெரும்பாலும் 7 ஆம்பியர்-மணி. ஒரு சின்னக் கணக்கு: பேனல் சும்மா இருக்கும்போது 0.2 ஆம்பியர் எடுத்தால் 24 மணி நேரத்துக்கு 4.8. மணி அடிக்கும்போது 2 ஆம்பியர் என்றால் அரை மணி நேரத்துக்கு 1. மொத்தம் 5.8. புதிய பேட்டரி தாங்கும். திறன் 80 சதவீதமாகக் குறைந்த பேட்டரியில் இருப்பது 5.6தான். ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருந்து பிறகு தீ பிடித்தால் மணி முழு அரை மணி நேரம் அடிக்காது; கரண்ட் இல்லாத நேரம் இன்னும் நீண்டால் அடிக்கவே அடிக்காது. நம் ஊர் வெயிலில், காற்றோட்டமில்லாத இரும்புப் பெட்டிக்குள் இந்த பேட்டரிகள் சீக்கிரமே சோர்ந்துபோகும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். மெயினை அணைத்துவிட்டு மணியை அடித்துப் பார்க்காத சோதனையைச் சோதனையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விடுதி இருந்தால்

விடுதியுள்ள பள்ளிக்கு என் பதில் மாறிவிடும். தூங்கும் பிள்ளைகள் பல நேரம் அலாரத்துக்கு எழுவதில்லை. பெரியவர்களை எழுப்பும் கீச்சுச் சத்தத்துக்கும் சிறுவர்கள் அசையாமல் படுத்திருப்பார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி அதைவிட நன்றாக எழுப்புகிறது என்று கண்டதால், அமெரிக்கத் தரம் 2014 முதல் தூங்கும் அறைகளின் புதிய அலாரங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஐ.எஸ். 2189 தூங்கும் இடத்தில், படுக்கைத் தலைமாட்டில் 75 டெசிபல் கேட்கிறது. பழைய மணி வராண்டாவில் இருந்தால் இது கிடைக்காது. விடுதியில் ஒவ்வொரு அறையிலும் ஸ்மோக் டிடெக்டர், அறைக்குள்ளேயே ஒலிக்கும் சவுண்டர், வார்டன் அறையில் அறை எண் காட்டும் திரை; எனவே இங்கே அட்ரசபிள்தான். பள்ளிப் பிளாக்குக்குப் பணம் போதவில்லை என்றால்கூட விடுதிக்கு மட்டும் தனியாகச் செய்யுங்கள்.

என் முடிவு

மூன்று மாடிக்கு உட்பட்ட, திறந்த வராண்டா உள்ள, விடுதி இல்லாத ஒற்றைக் கட்டடம்: கன்வென்ஷனலே போதும். ஒயரிங்கை மெக்கர் (ஒயரின் காப்பை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்து நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். சோன்களைச் சிறிதாக்குங்கள். எம்.சி.பி. அனைத்தும் சாவி வகைக்கு. பத்தாண்டு தாண்டிய டிடெக்டர்களைக் கழற்றிவிட்டு, பூட்டிய அறைகளில் மட்டும் புதிது. மணிக்குப் பதில் மூன்று அடித் தாளத்தில் ஹூட்டர்கள், எண்ணிக்கை அதிகமாக. உதிரி கிடைக்காத பேனல் என்றால் அதையும் புதிய கன்வென்ஷனல் பேனலாக மாற்றலாம். பல பிளாக் உள்ள வளாகம், ஏ.சி. வகுப்பறைகள், விடுதி: அட்ரசபிள், அதுவும் ஐந்தாண்டு சர்வீஸ் ஒப்பந்தத்தோடு. சட்டப்படி உங்கள் கட்டட உயரத்துக்கு எது கட்டாயம் என்பதை வாங்குவதற்கு முன்பே தீயணைப்பு நிலைய அலுவலரிடம் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுங்கள்.

கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் செலவழிக்கும் வரிசை: பேட்டரி, எம்.சி.பி., ஹூட்டர், மெயின் போர்டு அறையிலும் ஸ்டோரிலும் டிடெக்டர், கடைசியில் பேனல். விற்பவர்கள் சொல்லும் வரிசை இதற்கு நேர் தலைகீழாக இருக்கும்.

புதிய பேனல் ஆட்களின் போனுக்கு அழைப்போ எஸ்.எம்.எஸ்.ஸோ அனுப்பும், நல்லதுதான், இரவிலும் விடுமுறையிலும் உதவும். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112க்கு ஓர் ஆள் பேசித்தான் ஆக வேண்டும். எனவே பேனல் பக்கத்தில் பள்ளியின் முழு முகவரி, எந்தத் தெரு வழியாக வண்டி நுழையும், எந்த கேட் திறந்திருக்கும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

வேலை முடிந்து கையெழுத்துப் போடும் முன் வாங்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு டிடெக்டரையும் அதற்கான ஸ்ப்ரே அடித்து உங்கள் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊதுபத்தி வேண்டாம், அதன் பிசின் உள்ளே படியும். எந்த சோன் அல்லது எந்த எண் எந்த அறை என்ற பட்டியல் தமிழில் பேனல் கதவின் உட்புறம் ஒட்டப்பட வேண்டும், வாட்ச்மேன் படிக்கும்படி. நான்கைந்து உதிரி டிடெக்டர், எம்.சி.பி. சாவி இரண்டு. அட்ரசபிள் என்றால் பேனலின் பாஸ்வேர்டையும், அதில் ஏற்றிய அமைப்புக் கோப்பின் ஒரு பிரதியையும் பள்ளியின் பெயரில் எழுதி வாங்குங்கள். இவை இரண்டும் மாட்டியவரிடம் மட்டுமே இருந்தால், அடுத்த ஆண்டு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தொகையை அவர்தான் தீர்மானிப்பார். அவர் தொழிலை விட்டுப் போய்விட்டால் பேனலையே கழற்ற வேண்டி வரும்.